ஒன்றரை லட்சம் சீட்டுக் காசில் முதல் மிரர்லெஸ் கெமரா: மஸ்கெலியாவிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

என் சித்தி மகள் இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முன்பள்ளி ஆசிரியை. வயது 23. 2024 ஓகஸ்டில் அவளுக்குச் சீட்டு விழுந்தது, ஒன்றரை லட்சம் ரூபாய். அன்று இரவே போன் செய்து, "அக்கா, நான் கெமரா வாங்கப் போறேன், எது நல்லதுன்னு சொல்லு" என்றாள். நான் ஹட்டனில் ஒரு ஸ்டூடியோவில் ஆல்பம் வேலை பார்ப்பவள், சனி ஞாயிறுகளில் கல்யாணப் படமும் எடுப்பேன், அதனால் குடும்பத்தில் யாருக்குக் கெமரா என்றாலும் கேள்வி என்னிடம்தான் வரும். வழக்கமாக இரண்டு மூன்று மாடல் பெயரைச் சொல்லிவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். இந்தத் தடவை அப்படிச் செய்ய மனம் வரவில்லை.

காரணம் அந்தக் காசு. சித்தி கொழுந்து பறிக்கிறார். 2021-இல்தான் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனது, அப்புறம் கூடியிருந்தாலும் வீட்டில் இன்னும் அந்த ஆயிரத்தை வைத்துத்தான் எல்லாவற்றையும் கணக்குப் பார்ப்பார்கள். 150,000 ரூபாய் என்றால் 150 பேர். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் ஒரு நாள் வேலைக்குப் போடுகிற அந்தப் பேரைத்தான் சொல்கிறேன், கொழுந்து எடை குறைந்தால் அரைப் பேராகிவிடுகிற அதே பேர். அப்படிப்பட்ட காசை யாரோ வீடியோவில் புகழ்ந்தார்கள் என்று ஒரு பெட்டிக்குள் போட்டுவிட முடியாது. அதனால் ஓகஸ்டில் தொடங்கி அடுத்த மாசி வரை நாங்கள் என்ன பார்த்தோம், எதை விட்டோம், எங்கே தப்பித்தோம், எங்கே தவறினோம் என்பதை இங்கே முழுதாக எழுதுகிறேன். இதே தொகையைக் கையில் வைத்துக்கொண்டு மலையில் எங்காவது ஒரு தம்பியோ தங்கச்சியோ யோசித்துக்கொண்டிருக்கலாம்.

போனைத் திறந்து எண்ணினோம்

கடைக்குப் போவதற்கு முன் அவளுடைய போனை வாங்கி, கடைசி ஒரு வருடத்தில் எடுத்து அழிக்காமல் வைத்திருந்த படங்களை இருவரும் உட்கார்ந்து பிரித்தோம். 312 படங்கள். எந்தப் படம் அழகு என்று பார்க்கவில்லை, எங்கே, எத்தனை மணிக்கு எடுத்தது என்று மட்டும் பார்த்தோம். 190க்கு மேற்பட்டவை வீட்டுக்குள் அல்லது மாலை ஆறு மணிக்குப் பிறகு எடுத்தவை. அம்மாயி (எங்கள் பாட்டி) அடுப்படியில், முன்பள்ளிப் பிள்ளைகள் பாட்டுக்கு ஆடும்போது, கோயில் திருவிழா இரவு, மன்மதன் எரிந்த கதையை மாசியில் இரவில் ஆடும் காமன் கூத்து. தேயிலை மலையும் மூடுபனியும் 60 படங்கள்கூட இல்லை, அவற்றில் பெரும்பாலானவை போனிலேயே நன்றாக வந்திருந்தன. அதை நான் ஒளிக்காமல் அவளிடம் சொன்னேன். பகல் வெளிச்சத்தில் மலையை எடுக்க மட்டும் என்றால் கெமராவே வேண்டாம், போன் போதும்.

போன் கைவிட்ட இடங்கள் இரண்டு. ஒன்று இருட்டில் அசைகிறவர்கள்: கூத்தில் தூதன் ஆடும் படங்கள் எல்லாம் வண்ணக் கறைகளாக இருந்தன. இன்னொன்று லயத்து அறை, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டு அறை. 10 அடிக்கு 12 அடி அறை, ஒரு பல்பு, புகை படிந்த சுவர். அங்கே போன் முகத்தை மெழுகு மாதிரி வழவழப்பாக்கிவிடுகிறது. அம்மாயியின் முகத்துச் சுருக்கமெல்லாம் போய்விட்டது. "இது அம்மாயி மாதிரியே இல்லக்கா" என்றாள். எங்கள் அம்மாயிக்குச் சின்ன வயதுப் படம் என்று வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, பிரஜாவுரிமைப் பத்திரத்துக்காக எடுத்தது, நேராகப் பார்த்து, சிரிக்காமல். நம்மவர்களைப் பற்றி உலகம் பார்த்த படங்களில் மிகப் பெரும்பாலானவை கூடையோடு சிரிக்கும் பெண்கள், எடுத்தவர்கள் வந்து போனவர்கள். மலையக மக்கள் வந்து 200 ஆண்டு என்று 2023-இல் எவ்வளவு பேசினோம், ஆனால் லயத்துக்குள்ளே உட்கார்ந்து லயத்துப் பிள்ளையே எடுத்த படங்கள் எத்தனை இருக்கின்றன? இவள் கெமரா வாங்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றது இதற்காகத்தான்.

சரி, அடுத்த படி. என்னுடைய பழைய டிஎஸ்எல்ஆர் கெமராவை 18-55 லென்ஸோடு இரண்டு வாரம் அவளிடம் கொடுத்தேன். வேறு ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை, விருப்பப்படி எடு என்றேன். திரும்பி வந்ததும் ஒவ்வொரு படமும் எத்தனை மில்லிமீட்டரில் எடுக்கப்பட்டது என்று பார்த்தேன் (எண் குறையக் குறைய அகலமான காட்சி விழும்), அந்த விபரம் படத்துக்குள்ளேயே பதிந்திருக்கும். வீட்டுக்குள் எடுத்தவற்றில் ஏறக்குறைய எல்லாம் 18க்கும் 24க்கும் இடையில். அவளுக்குப் பின்னால் சுவர், முன்னால் அம்மாயி, நடுவில் அடுப்பு. பின்வாங்க இடமே இல்லை. எல்லாரும் முதல் லென்ஸாகச் சொல்கிற 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 அந்த அறையில் முகத்தையும் தோளையும் மட்டுமே காட்டும்.

இந்த இரண்டு வாரத்தில் கிடைத்த விடை இதுதான்: அகலம் 22, 23 அளவில், திறப்பு எஃப் 2 அளவில் (இந்த எண் சிறியதானால் வெளிச்சம் அதிகம் புகும்) ஒரு சிறிய லென்ஸ் வேண்டும், கெமரா அதற்கு ஏற்றதாக இருந்தால் போதும். கெமராவின் உடலைத் தேர்ந்துவிட்டு அப்புறம் லென்ஸைத் தேடுகிற வழக்கத்தை நாங்கள் தலைகீழாக்கினோம்.

அதே டிஎஸ்எல்ஆரை ஏன் வாங்கவில்லை?

இதைப் பலர் கேட்டார்கள், நியாயமான கேள்வி. பாவித்த டிஎஸ்எல்ஆர் இன்னும் மலிவு, எங்கள் ஸ்டூடியோவில் இன்றும் அதில்தான் வேலை நடக்கிறது. ஆனால் புதிதாகக் கற்பவருக்கு மிரர்லெஸ் தருகிற ஒரு உதவி எனக்குப் பெரிதாகப்பட்டது. டிஎஸ்எல்ஆரில் கண்ணாடி வழியாக வெளியே இருக்கிற காட்சியைப் பார்க்கிறோம், படம் எப்படி வந்தது என்பது அமுக்கிய பிறகுதான் தெரியும். மிரர்லெஸ்ஸில் கண்ணாடியே கிடையாது, படத்தைப் பதிகிற சென்சர் பார்ப்பதையே திரையிலும் சின்னப் பார்வைத் துளையிலும் காட்டுகிறது, 2008-இல் பெனசோனிக் ஜி1 வந்த நாளிலிருந்து இந்த வகைக் கெமராக்களின் அடிப்படை அதுதான். வெளிச்சத்தைக் கூட்டினால் கூடுவதும் குறைத்தால் குறைவதும் அமுக்குமுன்பே கண்ணுக்குத் தெரியும்.

மூடுபனியில் இதன் அருமை புரியும். எந்தக் கெமராவும் தான் பார்ப்பதை நடுத்தரச் சாம்பல் நிறமாக எடுத்துக்கொண்டு வெளிச்சத்தை அளக்கிறது. நோர்வூட் ரோட்டில் காலை ஏழு மணிக்குப் பனி இறங்கி நிற்கும்போது அப்படியே எடுத்தால் வெள்ளைப் பனி அழுக்குத் துணி மாதிரி வரும். வெளிச்சச் சரிப்படுத்தலை ஒரு படி கூட்டினால் பனி பனியாக இருக்கும். என் டிஎஸ்எல்ஆரில் இதை நான் கற்றுக்கொள்ள ஒரு வருடம் ஆனது. இவள் சக்கரத்தைத் திருப்பிப் பார்த்து ஒரே காலையில் கண்டுபிடித்துக்கொண்டாள். பனியில் ஃபோகஸ் பிடிக்காமல் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடுவது இன்னொரு தொல்லை, கறுப்பும் வெள்ளையும் சேரும் ஒரு விளிம்பு கிடைக்காததால் வருவது. அதற்கும் வழி உண்டு, ஃபோகஸ் புள்ளியை நிழல் மரத்தின் அடிமரத்து ஓரத்தில் வைத்தால் பிடித்துக்கொள்ளும்.

எதையெல்லாம் பார்த்தோம்

புதிது வாங்குவதை முதலிலேயே விட்டோம். 2022-இல் டாலர் 200 ரூபாய் அளவிலிருந்து 360 வரை ஏறிய பிறகு கெமரா விலை பழைய இடத்துக்குத் திரும்பவேயில்லை, 2024 ஜனவரியில் வற் வரியும் 18 சதவீதமானது. 2023-இல் வந்த கெனன் ஆர்50 எனக்கு மிகவும் பிடித்த கெமரா, 375 கிராம்தான், முகத்தையும் கண்ணையும் பிடித்து விடாமல் பின்தொடரும், ஆனால் கிட் லென்ஸோடு, அதாவது கெமராவோடு சேர்த்து விற்கும் சாதாரண லென்ஸோடு, எங்களிடம் சொன்ன விலை இரண்டரை லட்சத்துக்கு மேல். அதன் தம்பி ஆர்100 விலையில் கீழே வந்தது, ஆனால் திரை திரும்பாது, தொட்டாலும் வேலை செய்யாது. போனில் முகத்தைத் தொட்டுத் தொட்டுப் பழகிய பிள்ளையிடம் அந்தத் திரையைக் கொடுப்பது எனக்குச் சரியாகப்படவில்லை. கொழும்பில் ஒரு கடை போனில் ஒரு விலை சொல்லி, நேரில் ஆள் அனுப்பியபோது வேறு விலை சொன்னது. உத்தரவாதம் என்று அவர்கள் சொன்னது முகவருடையதே இல்லை, கடையே எழுதித் தரும் ஒரு துண்டு. இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் புதிது என்ற ஒரே காரணத்துக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

பாவித்தவற்றில் மூன்று மிஞ்சின. சோனி ஏ6000, 2014-இல் வந்தது, 24 மெகாபிக்சல், வேகமான ஃபோகஸ், இன்றைக்கும் நல்ல படம் தரும். தொடுதிரை இல்லை, வெளி மைக் செருகும் துளை இல்லை. ஒலிம்பஸ் இ-எம்10 மார்க் 2, உடலுக்குள்ளேயே கைநடுக்கத்தைத் தாங்கும் வசதி உள்ளது. அப்புறம் கெனன் எம்50, 2018-இல் வந்தது, 24.1 மெகாபிக்சல், பக்கவாட்டில் திறந்து திரும்பும் தொடுதிரை, மைக் துளை, 390 கிராம்.

நான் ஒலிம்பஸ் பக்கம் சாய்ந்திருந்தேன். இருட்டறையில் கை நடுங்கினாலும் படம் தெளிவாக வரும் என்று நீளமாக விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அம்மாயி அசையாம உக்காந்திருப்பாங்க அக்கா, ஆடுறவங்க நிக்க மாட்டாங்களே" என்றாள். அவள் சொன்னதுதான் சரி. கைநடுக்கத் தாங்கி நம் கையின் அசைவை மட்டுமே சரிசெய்யும், எதிரே குதிக்கிறவரை நிறுத்தி வைக்காது. அதற்கு ஷட்டர் வேகம் வேண்டும், வேகத்துக்கு வெளிச்சம் வேண்டும், வெளிச்சத்துக்குத் திறந்த லென்ஸ் வேண்டும். மறுபடி லென்ஸிலேயே வந்து நின்றோம்.

சோனியில் எனக்கு ஆசை இருந்தது, லென்ஸ் மாட்டுகிற அந்த மவுண்ட் இன்றும் உயிரோடு இருக்கிறது, புது லென்ஸ்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஆனால் 22, 23 அகலத்தில் எஃப் 2 வரை திறக்கும் ஒன்று எங்கள் கையில் இருந்த காசுக்குக் கிடைக்கவில்லை. கெனன் எம் வரிசையில் அப்படி ஒன்று இருக்கிறது: 22 மில்லிமீட்டர் எஃப் 2, 2012-இல் வந்த சின்ன லென்ஸ், 105 கிராம், 15 சென்டிமீட்டர் வரை கிட்டப் போய் எடுக்கலாம். ஃபோகஸ் கொஞ்சம் மெதுவாக ஓடும், ஓடும்போது சத்தமும் கேட்கும். ஆனால் லயத்து அறைக்கு அளவெடுத்துத் தைத்தது போல.

எம் வரிசைக்கு எதிரான வாதம் பலமானது, அதை நான் மறைக்க விரும்பவில்லை. கெனன் அந்த வரிசையை 2023-இல் முடித்துக்கொண்டது. அந்த மவுண்டுக்குக் கெனன் செய்த லென்ஸ்கள் மொத்தம் எட்டுத்தான், இனி வராது. புது ஆர்எஃப் லென்ஸ்கள் அதில் பொருந்தாது, பழைய இஎஃப் லென்ஸ்களை அடப்டர் போட்டு மாட்டலாம். என் ஸ்டூடியோவில் இருக்கிற அண்ணன் ஒருவர், "செத்த மவுண்ட்ல ஏம்மா காச போடுற" என்று என்னைக் கோபித்துக்கொண்டார். நாலு வருடத்தில் இதை மாற்ற வேண்டி வரும் என்பதை நான் அவளிடம் அப்படியே சொன்னேன். அதோடு சேர்த்து, அந்த வரிசை முடிந்ததால்தான் விலை எங்களுக்கு எட்டும் தூரத்துக்கு இறங்கியது என்பதையும் சொன்னேன். தேவை ஒரே ஒரு லென்ஸ், அந்த லென்ஸ் ஏற்கனவே இருக்கிறது. கல்யாண வேலைக்குப் போக நினைக்கிறவர் என்றால் நான் வேறு முடிவு சொல்லியிருப்பேன்.

இரண்டு பயணம்

முதலில் பார்க்கப் போனது கினிகத்தேனையில், ஒரு எம்50, கிட் லென்ஸும் 22-ம் சேர்த்து, நல்ல விலை. உடல் புதிது போல இருந்தது. லென்ஸைக் கழற்றி, போன் டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து சாய்வாக அடித்து முன்பக்கத்திலிருந்து பார்த்தேன். உள்ளே ஓரத்திலிருந்து நடுவை நோக்கி சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழைகள். பூஞ்சணம். இரண்டு லென்ஸிலும். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கே தெரிந்திருக்கவில்லை, துணி அலமாரியில் தோல் பையில் வைத்திருந்தாராம். கினிகத்தேனை, வட்டவளை என்றால் நாட்டில் அதிகம் மழை பெய்யும் பகுதி, அங்கே அலமாரிக்குள் மூடி வைத்த எதிலும் பூஞ்சணம் வரும். துடைத்தால் போய்விடும் என்றார், தொடக்கமாக இருந்தால் சில சமயம் போகும், முற்றியிருந்தால் கண்ணாடியின் பூச்சையே தின்றிருக்கும். விலையைக் குறைக்கிறேன் என்றார். நன்றி சொல்லிவிட்டு வந்தோம். பஸ்ஸில் அவள் ஒன்றுமே பேசவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒக்டோபரில் கண்டியில் ஒன்று. வீடியோ எடுக்க வாங்கிய பையன், வெளிநாடு போகிறார். அன்று காலையில் கண்டியிலும் வானம் முழுக்க மூடியிருந்தது, அது எங்களுக்கு நல்லதாகப் போயிற்று. சென்சரில் தூசியோ கறையோ இருக்கிறதா என்று பார்க்க ஒரே நிறமான வெளிச்சப் பரப்பு வேண்டும், மேகம் மூடிய வானத்தை விட நல்ல பரப்பு கிடையாது. எஃப் 16-இல் வைத்து, ஃபோகஸைக் கலைத்து வானத்தை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தோம். ஒரு சின்னப் புள்ளி, ஊதினால் போகிற தூசி. அப்புறம் திரையை எல்லாப் பக்கமும் திருப்பி, ஒவ்வொரு மூலையாகத் தொட்டு, மெமரி கார்ட் போட்டு எடுத்து, மைக் துளையில் ஒரு மைக் செருகிக் குரல் பதிந்து, லென்ஸ்களுக்கு டார்ச் அடித்து, மவுண்ட் வளையத்தில் தேய்மானம் பார்த்து, கடைசியாக அவள் கையில் கொடுத்து அந்த வீட்டு இருட்டு மூலையில் பையனின் பாட்டியை எடுக்கச் சொன்னேன், அவரிடம் கேட்டுவிட்டுத்தான். அவள் திரையில் பாட்டியின் கண்ணைத் தொட்டாள், படம் எடுத்தாள், பெரிதாக்கினாள். இமை முடி தெரிந்தது. அவள் முகத்தைப் பார்த்து நான் பேரம் பேசுவதை நிறுத்தினேன்.

கணக்கு இதோ. உடலும் 15-45 கிட் லென்ஸும் 112,000. அதே பையனிடம் இருந்த 22 எஃப் 2 லென்ஸ் 26,000. வேறு கம்பனி பேட்டரி ஒன்று 4,500. 64 ஜிபி கார்ட் 3,500. காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மானி மூன்றும் 2,600. மொத்தம் 148,600. மிச்சம் 1,400 பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும்.

அந்த 2,600-ஐப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் மலையில் மேற்குச் சரிவில் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு மழை, பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஆண்டின் கடைசியில் வடகிழக்கு மழை, ஆக எங்கேயிருந்தாலும் வருடத்தில் பாதி மாதம் காற்று நனைந்தே இருக்கும். தோல் பையும் துணிப் பையும் ஈரத்தைப் பிடித்து வைக்கும், வேலை முடிந்ததும் கெமராவை அதில் விட்டு வைக்காதீர்கள். பெட்டிக்குள் மானி 40க்கும் 50க்கும் இடையில் நிற்க வேண்டும். ஜெல் நிறம் மாறினால் காய வைக்க வேண்டும், ஆனால் நீல நிற ஜெல்லில் நச்சுப் பொருள் இருப்பதால் சமைக்கிற சட்டியில் வறுக்கக் கூடாது, ஒரு பழைய தகரத்தை அதற்கென்றே ஒதுக்குங்கள். பெட்டிக்குள் அரிசி போடச் சொல்வார்கள், வேண்டாம், அரிசித் தூள்தான் லென்ஸ் இடுக்கில் போகும்.

மாசி இரவு

நவம்பர் முதல் பெப்ரவரி வரை முன்பள்ளியிலும் வீட்டிலும் எடுத்தாள். மெனு ஆங்கிலத்தில் என்பதால், அவள் தினமும் தொடுகிற ஏழெட்டு விஷயங்களை மட்டும் ஒரு அட்டையில் தமிழில் எழுதிக் கொடுத்தேன். அவளிடம் கணினி இல்லை, படத்தைப் போனுக்கு அனுப்பித்தான் பார்க்கிறாள், அதனால் கணினியில் திருத்த வேண்டிய ரோ கோப்பு வேண்டாம், கெமராவே முடித்துத் தரும் ஜேபெக் போதும் என்று சொல்லிவிட்டேன். ரோவில் எடுக்காதவன் புகைப்படக்காரனே இல்லை என்பது போல் பேசுகிறவர்கள் கணினிக்கும் சேர்த்துக் காசு கொடுக்கட்டும்.

டியூப் லைட்டில் ஒரு சிக்கல் வந்தது. முன்பள்ளியில் எடுத்த படங்களில் சிலது மஞ்சளாக, சிலது இருட்டாக, ஒன்றிரண்டில் பட்டை பட்டையாக. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதனால் டியூப் விநாடிக்கு நூறு தடவை மங்கி ஒளிர்கிறது, ஷட்டர் அதைவிட வேகமாகத் திறந்து மூடினால் ஒளிரும் நேரமும் மாட்டும், மங்கும் நேரமும் மாட்டும். ஷட்டரை 1/100 விநாடிக்கு வைக்கச் சொன்னேன், தீர்ந்தது.

ஆனால் கூத்துக்கு 1/100 போதாது. காமன் ஊன்றிக் கூத்து தொடங்கிய பிறகு நடந்த முதல் இரவுகளில் ஒன்றில் அவள் எல்லாவற்றையும் கெமராவே முடிவு செய்யும் ஓட்டோ முறையில் வைத்து எடுத்தாள். கெமரா 1/30 என்று எடுத்துக்கொண்டது. ரதியும் மன்மதனும் நிற்கும் படங்கள் நன்றாக இருந்தன, ஆடும் படங்கள் அத்தனையும் போனில் வந்த அதே கறைகள். அழுதுகொண்டே போன் செய்தாள், ஒன்றரை லட்சம் வீண் என்று. மறுநாள் போய் அட்டையில் இன்னொரு வரி எழுதினேன்: மெனுவலில் (நாமே அமைக்கும் முறையில்) எஃப் 2, 1/250, ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைப் பெருக்கும் அளவு) 6400, மூன்று நான்கு படமாகத் தொடர்ந்து எடு. டியூப்பின் மங்கலில் ஒன்று போனாலும் அடுத்தது நிற்கும். ஐஎஸ்ஓ 6400-இல் மணல் தூவியது போல் இருக்கும், இருக்கட்டும். தப்படிக்கிற மாமாவின் கை காற்றில் நிற்கிறதே, அதற்குமுன் மணல் ஒரு பொருட்டா?

இங்கே ஒரு சின்னக் கணக்கைப் பாருங்கள். கிட் லென்ஸ் அகலமான முனையில் எஃப் 3.5, நீண்ட முனையில் எஃப் 6.3. எஃப் 2 உள்ளே விடுகிற வெளிச்சம் 3.5-ஐப் போல மூன்று மடங்கு, 6.3-ஐப் போல ஏறக்குறைய பத்து மடங்கு. அதாவது 22 லென்ஸ் 1/250-இல் எடுக்கும் அதே படத்துக்குக் கிட் லென்ஸின் நீண்ட முனை 1/25 கேட்கும். அந்த 26,000 ரூபாயை லென்ஸில் போடாமல் கொஞ்சம் உயர்ந்த உடலில் போட்டிருந்தால், அன்றிரவு மறுபடியும் கறைகள்தான்.

கடைசி இரவு இன்னொன்று நடந்தது. விடியற்காலை நான்கு மணி இருக்கும், நல்ல குளிர், கொஞ்சம் பிளேன்டீ குடிக்கலாம் என்று கெமராவைக் கழுத்தில் தொங்கவிட்டபடியே அடுப்படிக்குள் போனாள். விறகடுப்பு, கொதிக்கிற தண்ணீர், ஆவி. குளிர்ந்த கண்ணாடியில் ஆவி பட்டு லென்ஸ் முழுக்க வியர்த்துவிட்டது. சால்வையால் துடைத்தாள், மறுபடி வியர்த்தது. தெளிய இருபது நிமிடத்துக்கு மேல் ஆனது, வீரபத்திரன் வந்த காட்சி போய்விட்டது. குளிரிலிருந்து சூட்டுக்குள் போகுமுன் கெமராவை ஒரு ஜிப் பொலித்தீன் பைக்குள் போட்டு மூடிவிட வேண்டும், வியர்வை பையின் மேல் படியும், உள்ளே கெமரா மெதுவாகச் சூடாகும். நுவரெலியாவிலிருந்து கொழும்புக்கு இறங்குகிறவர்களுக்கும் இதே வழிதான். எனக்கு இது நன்றாகத் தெரியும், சொல்ல மறந்தது என் தவறு. காமன் எரிகிற காட்சிக்கு நல்ல வேளையாக லென்ஸ் தெளிந்துவிட்டது.

இன்னொரு தவறும் என்னுடையதே. எம்50-இன் பேட்டரி நிறுவனக் கணக்குப்படியே 235 படம்தான், பாவித்த பேட்டரியும் குளிரும் சேர்ந்து அவளுக்கு 150 தாண்டவில்லை. பவர் பேங்கில் சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று நான் நினைத்திருந்தேன், அந்தக் கெமரா யூஎஸ்பியில் சார்ஜ் ஆகாது. இரண்டு பேட்டரியும் இரண்டு மணிக்கே தீரப் பார்த்தன, கோயிலில் ஒரு பிளக் கிடைத்ததால் தப்பினோம். இதே கெமராவை வாங்குகிறவர்கள் மூன்று பேட்டரிக்குக் காசு ஒதுக்குங்கள், தேவைப்பட்டால் கிட் லென்ஸ் இல்லாமல் உடலை மட்டும் வாங்கி மிச்சம் பிடியுங்கள், அவள் அந்தக் கிட் லென்ஸை ஆறு மாதத்தில் பத்துத் தடவைகூட மாட்டவில்லை. மழைக்கும் இந்தக் கெமராவில் எந்தப் பாதுகாப்பும் கிடையாது. குடையைப் பிடிக்க ஒரு முன்பள்ளிப் பிள்ளையின் அண்ணன் கூடவே வருகிறான்.

படங்களில் பன்னிரண்டை நான் ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். ஆடியவர்களுக்கு ஆளுக்கொன்று, தப்படித்த மாமாவுக்கு இரண்டு. எடுக்கும் முன் கேட்பது, எடுத்த பின் ஒரு பிரதி கொடுப்பது என்பதை அவள் தானாகவே வழக்கமாக்கிக்கொண்டாள். அம்மாயியின் படம் ஒன்று அடுப்பு வெளிச்சத்தில் எடுத்தது, எஃப் 2, 1/60, ஐஎஸ்ஓ 3200, சுருக்கம் எல்லாம் அப்படியே இருக்கிறது. அம்மாயி அதைச் சுவரில் மாட்ட விடவில்லை, பிரஜாவுரிமைப் பத்திரம் வைத்திருக்கும் தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டார். பெட்டிக்குள் ஈரம் ஏறாமல் இருக்க அவளே கொஞ்சம் சிலிக்கா ஜெல்லைத் துணியில் முடிந்து அதிலும் போட்டிருக்கிறாள்.